அந்தப் பிள்ளை என்னிடம் சொல்லியிருந்தாள்

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு பெண்கள் பாடசாலையில் இது நடந்தது. இதுவரை நாலைந்து பேருக்குத்தான் முழுதாகச் சொல்லியிருக்கிறேன். எழுத உட்கார்ந்தபோதும் இரண்டு தரம் எழும்பிப் போய்விட்டு வந்தேன்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். போசாக்குப் பற்றி டிப்ளோமா படித்துவிட்டு, ஒரு பால் நிறுவனத்தில் பாடசாலை நிகழ்ச்சி நடத்தும் வேலையில் சேர்ந்தேன். சிங்களப் பாடசாலைகளுக்கு இன்னொருவர் போவார், தமிழ்ப் பாடசாலைகளுக்கு நான். பால் எங்கிருந்து வருகிறது, பண்ணையில் என்ன நடக்கிறது, தயிரும் யோகட்டும் எப்படி உண்டாகின்றன, சோடாவுக்குப் பதில் என்ன குடிக்கலாம், ஏன் ஓடி விளையாட வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் பிள்ளைகளோடு கதைப்பது என் வேலை. கடைசியில் எல்லோருக்கும் ஆளுக்கொரு யோகட் கப்.

எங்களிடம் பலகையில் வெட்டி வர்ணம் பூசிய ஒரு மாடு இருந்தது. வயிற்றுக்குக் கீழே தண்ணீர் நிரப்பிய றப்பர் கையுறை தொங்கும். அதன் விரல்களில் ஊசியால் குத்திய சின்னத் துளைகள். பிள்ளைகள் வரிசையாக வந்து பால் கறப்பார்கள். கொழும்புப் பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா. அன்றைக்கும் நாலாம் வகுப்பில் அப்படித்தான் ஆரவாரம். கோயிலடியில் திரிகிற மாடு சுவரில் ஒட்டின நோட்டீஸைத் தின்னுதே, அதன் பாலுக்குள் பேப்பர் வருமா என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் உள்ளுக்குள் எனக்கு அவதி. பதினொரு மணிக்கு கிராண்ட்பாஸில் இன்னொரு பாடசாலை. வானை நிறுத்த இடமில்லாமல் டிரைவர் மூன்று தரம் கோல் எடுத்துவிட்டார். அவர் ஒரு வயதான சிங்களவர், நான் அவரைச் சிங்களத்தில் அய்யே, அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பொலிஸ்காரன் வானை எடுக்கச் சொல்கிறான் என்று அவர் ஒரு பக்கம். எல்லாப் பிள்ளைகளும் கரண்டியை வாயில் வைத்திருக்கிற மாதிரி ஒரு படம் கட்டாயம் வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்ட மனேஜர் மறு பக்கம். ஒரு கையில் மைக்கும் மறு கையில் போனுமாக நான் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

வகுப்பாசிரியை அந்த வகுப்புக்கு வந்து மூன்று கிழமைதான். இளம் பெண். படத்துக்கு அதிபரைக் கூட்டிவர அவரை நான்தான் அனுப்பினேன். அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது.

இரண்டாவது வரிசையில் ஒரு பிள்ளை கப்பைத் திறக்காமல் மேசையின் ஓரத்தில் தள்ளி வைத்திருந்தாள். மெலிந்த பிள்ளை, இரட்டைப் பின்னல். கிட்டப் போய் ஏனம்மா சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"நான் யோகட் சாப்பிடக் கூடாது மிஸ். எனக்கு ஒத்துக்காது."

இதே பதிலை எத்தனையோ வகுப்பில் கேட்டிருக்கிறேன். மணம் பிடிக்காது, புளிக்கும், சளி பிடிக்கும் என்று அம்மா சொன்னார் என்பார்கள். இப்படி ஒரு பிள்ளை ஆரம்பித்தால் பின்னால் பத்துப் பிள்ளை கப்பை மூடிவிடும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். மைக்கில் வகுப்பைப் பார்த்துச் சொன்னேன், "பாருங்கோ பிள்ளையள், இவவுக்கு யோகட்டுக்குப் பயமாம். ஒரே ஒரு கரண்டி சாப்பிட்டுப் பாக்கட்டும், என்ன? நாங்க எல்லாரும் கை தட்டி உசார்ப்படுத்துவமா?"

வகுப்பு முழுதும் கை தட்டத் தொடங்கியது. தாளம் போட்டுத் தட்டினார்கள். நானே கப்பைத் திறந்து கரண்டியில் அள்ளி அவள் கையில் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னாள். அப்போது திரும்பவும் போன் அடித்தது. நான் குனிந்து போனைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது கரண்டி அவள் வாய்க்குள் இருந்தது. வகுப்பு கத்தி ஆரவாரித்தது.

அதிபர் வந்தார், படம் எடுத்தோம். மாட்டைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மிஸ், அவட முகத்தைப் பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் உதடுகள் வீங்கியிருந்தன. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. இருமிக்கொண்டே கழுத்தைச் சொறிந்தாள். அடுத்த நிமிடம் மேசையிலேயே வாந்தி எடுத்தாள். படித்த படிப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வாமை, அதுவும் கடுமையானது. இதைப் பற்றிப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி நல்ல புள்ளி எடுத்தவள் நான்.

அம்புலன்ஸுக்கு அடித்தோம். அது வரும் மட்டும் என்னால் நிற்க முடியவில்லை. பிள்ளையை வகுப்பாசிரியை தூக்கிக்கொண்டார். மூன்று பேரும் வாசலில் நின்ற எங்கள் வானில் ஏறினோம். நல்ல காலம், அய்யே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளையின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார், ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக வானைத் திருப்பினார். ஒரு கை ஹோர்னில், மறு கை யன்னலுக்கு வெளியே. லொறிக்காரர்களும் த்ரீவீல்காரர்களும் ஏசிக்கொண்டே ஒதுங்கினார்கள். பின்னால் யோகட் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

பிள்ளை டீச்சரின் மடியில் நிமிர்ந்து இருந்தாள். மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். குரல் அடைத்திருந்தது. அந்தக் குரலில் அவள் சொன்னது, "அம்மாகிட்ட சொல்லாதீங்க. ஏசுவாங்க."

நான் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளுடைய சப்பாத்து வார் அவிழ்ந்திருந்தது. அதைக் கட்டினேன், திரும்ப அவிழ்த்தேன், திரும்பக் கட்டினேன்.

ஆஸ்பத்திரியில் உடனே எடுத்தார்கள். தொடையில் ஊசி போட்டு, முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தால் ஒரு இளம் டொக்டர் வெளியே வந்தார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார், யோகட் என்றேன். யார் கொடுத்தது என்று சிங்களத்தில் கேட்டார். "ஸ்கூலில் கொடுத்தார்கள்" என்றேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அந்த நடையில் உட்கார ஒரு நீள வாங்கு இருந்தது. என்னால் அதில் இருக்க முடியவில்லை. சுவரில் இருந்து சுவருக்கு நடந்தேன். உப அதிபர் வந்தார். பின்னால் பிள்ளையின் தாய் ஓடி வந்தார், செருப்பு இரண்டும் வெவ்வேறு சோடி. உப அதிபர் அவரைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னார், "எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடேக்க அதுவும் ஆசைப்பட்டு எடுத்துச் சாப்பிட்டிருக்கு. சின்னப் பிள்ளைதானே."

அவருக்கு நடந்தது தெரியாது, ஊகித்துச் சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். இல்லை, நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல ஒரு நொடிதான் வேண்டும். தாய் தலையில் கை வைத்துக்கொண்டு, "எத்தனை தரம் சொல்லியிருப்பேன், எத்தனை தரம்" என்று தனக்குத்தானே சொன்னார். அந்த நொடி போய்விட்டது. பிள்ளைக்குச் சுகம், இரண்டு நாளில் வீட்டுக்கு விடுவார்கள் என்று தெரிந்ததும் நான் மெதுவாக வெளியேறி வந்துவிட்டேன்.

மனேஜர் அன்றைக்கே ரிப்போர்ட் கேட்டார். பிள்ளைக்கு ஒவ்வாமை என்று பாடசாலை எங்களுக்கு அறிவிக்கவில்லை, அதை மட்டும் எழுதினால் போதும், மிச்சத்தை ஒபிஸ் பார்க்கும் என்றார். அந்த வீட்டுப் பக்கமும் போக வேண்டாம் என்றார். அவர் எழுதச் சொன்னதும் உண்மைதான். போன வருட டீச்சரின் கொப்பியில் எழுதியிருந்த விசயம் புது டீச்சருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரே ஒரு வசனம். அதை எழுதி, அழித்து, எழுதி, அழித்து, இரண்டு நாள் கடத்தினேன்.

வியாழக்கிழமை வகுப்பாசிரியை போன் எடுத்தார், அழுகிற குரல். அதிபர் அவரிடம் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறாராம். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் பாடசாலைக்கு வரமாட்டேன் என்கிறாளாம். "உப அதிபர் சொன்னதைக் கேட்டு வகுப்புப் பிள்ளையள் எல்லாம் அவளைத் தீனிப் பண்டாரம், பொய்க்காரி எண்டு சொல்லுதுகள் மிஸ். வீட்டிலயும் நல்ல ஏச்சாம். தாயிட்டை அவள் ஒண்டையே திருப்பித் திருப்பிச் சொல்லுறாளாம், நான் சொன்னேன், நான் சொன்னேன் எண்டு. ஆருக்குச் சொன்னவள் எண்டு கேட்டா அழுறாளாம், தாய்க்கு விளங்கேல்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

அவசரமாக வேறு கோல் வருகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்தில் இருக்க ஏலாமல் போய்விட்டது. பஸ்ஸில் ஏறினால் இரண்டு தரிப்பிடத்துக்கு முன்னமே இறங்கி நடப்பேன். பின்னேரம் கடற்கரை ரோட்டில் தண்டவாளத்துக்குப் பக்கத்தால் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு நடந்தேன், திரும்பி நடந்தேன். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிடுவேன். என் கணவர், "பிள்ளை சுகமா வீட்டுக்கு வந்திட்டுதுதானே, விடுமன்" என்றார். அவருக்கும் நான் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. ஒரு பிள்ளை கெட்டிக்காரத்தனமாகத் தன் உயிரைக் காப்பாற்றப் பார்த்தாள். நான் அதைத் தடுத்தேன். இப்போது அவளைத்தான் பொய்க்காரி என்கிறார்கள். உலகத்தில் அதை இல்லை என்று சொல்லக்கூடிய பெரிய ஆள் நான் ஒருத்திதான். இதை விட்டுவிட எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை டீச்சரிடம் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று வழியில் ஒரு கடையில் நின்றேன். சொக்லட் எடுத்தேன், பக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், பால் மா. பிஸ்கட்டிலும் பால் மா. கேக், டொஃபி, சூப் பக்கெட் கூட. ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எத்தனையோ வருடமாகப் பாலைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, பால் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தத் தாய் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் கடையில் நிற்பார். கடைசியில் தோடம்பழம் வாங்கினேன்.

மூன்றாம் மாடியில் சின்ன வீடு. முன்னறையில் தையல் மெசின், அதைச் சுற்றிப் பாடசாலைச் சீருடைகள் வெட்டின துண்டாகக் கிடந்தன. தாய் வீட்டில் இருந்து தைப்பவர், தகப்பன் துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தார். நான் போனபோது தாய் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பிள்ளை கீழே பார்த்தாள்.

தாய் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. நாற்காலி தந்தார், வானில் ஏற்றிக் கொண்டுபோனதற்கு நன்றி சொன்னார். பிறகு தன்பாட்டில் சொன்னார், "அஞ்சு வயசுலேருந்து சொல்லிக் குடுத்திருக்கேன் மிஸ். ஒரு தடவை ஒரு பிஸ்கட் சாப்பிட்டு இதே மாதிரி ஆச்சு. அதுக்கப்புறம் தெனமும் சொல்லிக் குடுத்தேன். யாரு குடுத்தாலும் வேணாம்னு சொல்லு. டீச்சரா இருந்தாலும் சொல்லு. கேக்கலேன்னா மூச்சு அடைக்கும்னு சொல்லு. இவ்வளவு சொல்லியும், எல்லாரும் சாப்பிடுறாங்கன்னு வாயில வச்சிருக்கா. நாளைக்கி நான் இவளை எப்படி நம்பி வெளிய அனுப்புறது?"

தோடம்பழப் பை இன்னும் என் மடியில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"அவள் ஆசைப்பட்டுச் சாப்பிடேல்லை அம்மா," என்றேன். "சாப்பிடக் கூடாது, ஒத்துக்காது எண்டு சொன்னவள். என்னட்டைத்தான் சொன்னவள். நான் கேக்கேல்லை. வகுப்பையே கை தட்ட வச்சு, நான்தான் கரண்டியைக் கையில குடுத்தனான்."

தாயின் கை அப்படியே நின்றது. சீப்பு மகளின் தலைமுடியில் இருந்தது.

பிள்ளை முதல் தடவையாக நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் தாயைப் பார்த்தாள். "மூச்சு அடைக்கும்னும் சொன்னேன்மா," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, குற்றம் சாட்டுகிற தொனி ஒன்றும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிற மாதிரிச் சொன்னாள், "அப்ப நீங்க போனைப் பாத்தீங்க மிஸ்."

அவள் கடைசியாகச் சொன்ன ஏதோ ஒன்று என்று நான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான். தாய் சொல்லிக் கொடுத்த பாடத்தை வரிசை தப்பாமல் சொல்லியிருக்கிறாள். வேண்டாம் என்றாள், கேட்கவில்லை என்றதும் மூச்சு அடைக்கும் என்றாள். அதற்கு மேல் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்ய முடியும், அதுவும் முப்பது பேர் கை தட்டிக்கொண்டிருக்கும்போது.

தாய் சீப்பை எடுத்துக் கீழே வைத்தார். முதலில் கட்டி முடித்திருந்த ஒரு பக்கப் பின்னலை அவிழ்த்துவிட்டுத் திரும்பவும் பின்னத் தொடங்கினார். பின்னல் கோணிக்கொண்டு போனது. பாதியில் தாய் குனிந்து அவளுடைய உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டார். நான் எழும்பி பல்கனிப் பக்கம் போய் நின்றேன். அவர்கள் இருவரும் அப்படி இருக்கிறபோது அந்த அறையில் நிற்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

நான் வெளிக்கிடும்போது வாசலில் வைத்துத் தாய் ஒன்றுதான் கேட்டார். "இத எங்கிட்ட சொல்லிட்டீங்க. வகுப்புப் புள்ளைங்க கிட்ட சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்றேன். அவருடைய முகத்தில் கோபம் அப்போதுதான் வந்தது. கதவை மூடும்போது என்னைப் பார்க்கவில்லை. அது நியாயம்தான்.

அன்று பின்னேரமே ரிப்போர்ட்டை எழுதி முடித்தேன். வகுப்பாசிரியை அந்த இடத்தில் இருக்கவில்லை, நான்தான் அனுப்பியிருந்தேன் என்றும் எழுதினேன். பாடசாலைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். மனேஜர் போனில் வெகு நேரம் கத்தினார். சில மாதங்களுக்கு என்னைப் பாடசாலைகளுக்கு அனுப்பாமல் ஒபிஸில் வைத்தார்கள்.

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனேன். மாடும் இல்லை, மைக்கும் இல்லை, நிறுவனத்தின் சட்டையும் இல்லை. அதிபருக்கு விருப்பமில்லை. தாயைக் கூப்பிட்டு ஒபிஸ் அறையில் வைத்துப் பேசி முடிக்கலாமே என்றார். பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கினது வகுப்பில், அதனால் வகுப்பிலேயே சொல்லவேண்டும் என்று நின்றேன். கடைசியில் ஐந்து நிமிடம் தந்தார்.

எத்தனையோ மேடையில் நின்றவள், அன்றைக்கு அந்த முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வந்திருந்தாள், தன் இடத்திலேயே இருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. உங்கட சிநேகிதி ஆசைப்பட்டுச் சாப்பிடவில்லை, வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னாள், அவள் சொன்னது சரி, நான் செய்தது பிழை, அதனால் அவளுடைய உயிருக்கே ஆபத்து வந்தது என்றேன். பால் நல்ல சாப்பாடுதான், ஆனால் சிலருடைய உடம்புக்கு அது நஞ்சு மாதிரி, அது பயமும் இல்லை, செல்லமும் இல்லை என்று விளக்கினேன்.

பின் வரிசையில் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். "அப்ப நாங்க கை தட்டினது பிழையா மிஸ்?"

"உங்களைத் தட்டச் சொன்னது நான். அது என்ர பிழை," என்றேன். "ஆனா இனிமேல் ஆராவது வேண்டாம் எண்டு சொல்லேக்க தட்டாதேங்கோ."

அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவோ தலையாட்டவோ இல்லை. பென்சிலால் மேசையில் எதையோ கீறிக்கொண்டிருந்தாள். நான் படியிறங்கும்போது இடைவேளை மணி அடித்தது. யன்னலால் பார்த்தேன். இரண்டு மூன்று பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி தன் பெட்டியைத் திறந்து, இதில் பால் இல்லை, பார் என்று காட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பாசிரியையிடம் கேட்ட விளக்கக் கடிதத்தை அதிபர் அதோடு விட்டுவிட்டார், அவர் அந்த வகுப்பிலேயே இருந்தார்.

இப்போது நான் திரும்பவும் பாடசாலைகளுக்குப் போகிறேன். ஒரு கிழமைக்கு முன்பே பெற்றோருக்குக் கடிதம் போகும், பதில் வராத பிள்ளைக்குக் கப் இல்லை. இதற்கு ஒபிஸில் பல மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெத்தலி, முருங்கை இலை, எள்ளு, குரக்கன் என்று ஒரு பகுதியும் சேர்த்திருக்கிறேன். படம் எடுப்பதில்லை. கையுறையில் பால் கறக்கும்போது பிள்ளைகள் இன்றைக்கும் அதே மாதிரித்தான் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். ஆனாலும் எந்த வகுப்பிலாவது ஒரு பிள்ளை தலையைக் குனிந்து மெல்லிய குரலில் ஏதோ சொல்லும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கிட்டப் போய்க் குனிந்து கேட்கிறேன். கேட்டு முடித்த பிறகும், சரியாகத்தான் கேட்டேனா என்ற பதற்றம் அன்று முழுதும் என்னை விடுவதில்லை, அது விடவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.